எரியோடு லைன்

பொன்னுத்துரை மில் குழுமத்தில் எந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி மூச்சை நிறுத்தினாலும் அறிவுச்செல்வியைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை மேனேஜர் அறையில் மின்விசிறி ஓடவில்லை என்றும் கூப்பிட்டார்கள். அவளும் போய்ப் பார்த்தாள். அப்படி வாய்த்த வேலை அது. ஆனால் 2003ஆம் வருடம் செப்டம்பர் கடைசியில் திண்டுக்கல் தலைமை அலுவலகத்தில் முதலாளி பொன்னுத்துரையே அவளை அறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னபோது, இது மின்விசிறி விவகாரம் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“கரூர்ப் பக்கம் ரெண்டு கம்பெனிய வாங்கப்போறோம்மா. இப்ப நமக்கு முப்பத்தோரு இடம் இருக்கு. தை மாசத்துக்குள்ள அறுபது ஆயிரும். லைனெல்லாம் எப்படிப் போகணும், ஒண்ணு அத்துப்போனா இன்னொண்ணு எப்படி வரணும்னு நீதான் முடிவு பண்ணிச் சொல்லணும். மெட்ராஸ்காரன் வந்து என்னென்னமோ பேரச் சொல்றான். எனக்கு ஒரு எழவும் வெளங்கல. ஆயுதபூஜை கழிஞ்சதும் எழுதிக் குடு.”

அவர் சொன்ன முப்பத்தோரு இடங்களில் நூற்பாலைகள் உண்டு, பஞ்சு கோடவுன்கள் உண்டு, பெண்கள் தங்கும் விடுதிகள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் ரௌட்டர் என்று ஒரு பெட்டி. நாற்சந்தியில் நிற்கிற போலீஸ்காரர் வேலைதான் அதற்கு: வருகிற தகவலைப் பார்த்து, நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ என்று கைகாட்ட வேண்டும். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் கைகாட்டுவது என்பதை ஒவ்வொரு பெட்டியிலும் மனிதர்களே எழுதி வைக்கலாம். அல்லது பெட்டிகள் தங்களுக்குள் பேசித் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடலாம். அப்படிப் பேசிக்கொள்ளும் முறைக்குத்தான் ரௌட்டிங் ப்ரோட்டோகால் என்று பெயர். அந்த முறைகளில் நாலைந்து ரகம் இருந்தன. அவற்றில் ஒன்றைத்தான் முதலாளி கேட்டார்.

அறிவுச்செல்வி இரண்டு வருடமாக எல்லாவற்றையும் கையால் எழுதியே ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு இடம் இருந்தபோது அது போதுமானதாக இருந்தது. முப்பத்தொன்று ஆனபோதே இடுப்பொடிந்தது. அறுபதுக்கு ஆகவே ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் விடமுடியவில்லை. அதற்குக் காரணம் எரியோடு மில்.

எரியோட்டுக்கு இரண்டு வழிகள் இருந்தன. வேடசந்தூர் மில் வழியாகப் போகும் லைன் ஒன்று. தினப்படி எல்லாம் அதில்தான். இன்னொன்று, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நட்ட கம்பத்திலிருந்து வடமதுரை கோடவுனுக்கு ரேடியோவில் போகும் வழி. முதலாவது அறுந்தால் இரண்டாவதில் போ என்று யாராவது பெட்டிக்குச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் முனையில் அறிவுச்செல்வி சொல்லிவிடுவாள். எரியோட்டு முனையில் சொல்ல வேண்டியவர் டைம்கீப்பர் சோலைமுத்து. தொழிலாளிகள் வருகிற நேரமும் போகிற நேரமும் குறிப்பதுதான் அவர் வேலை. பெட்டி அவருடைய அறையில் இருந்த ஒரே பாவத்துக்காக இந்த வேலையும் அவர் தலையில் விழுந்தது.

எரியோடு லைன் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அறுந்தது. பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். அது ஷிப்டு மாறுகிற நேரம். மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது மின்சாரம் இறங்கி லைன் போகிறது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். லைன் போனதும் சோலைமுத்து வெளிப் போனில் கூப்பிடுவார்.

“மேடம், எரியோடு. லைன் போச்சுங்க.”

“கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருங்க. ஐ, பி அடிங்க. ஒரு இடம் விடுங்க. அடுத்து ஆர், ஓ, யு, டி, ஈ.”

“ஈ... அடிச்சாச்சு.”

“ஒரு இடம். பத்து, புள்ளி, நாப்பது, புள்ளி.”

ரேஷன் கார்டு நம்பரை வாசிப்பவர்போல அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லியபடி அடிப்பார். ஒரு விரலால்தான் அடிப்பார் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும். முடிந்ததும், வழி நிலைக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்தில் அவள் சொல்லியிருந்தாள். உண்மையில் ஒரு நிமிடம் போதும். ஐந்து, நாளாவட்டத்தில் பத்தானது. பழைய லைன் திரும்ப வந்ததும் மறுபடி கூப்பிட்டு எல்லாவற்றையும் மாற்றி அடிக்க வேண்டும். அதற்கும் ஒரு பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடங்களில்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

“இன்னைக்கு என்ன வெஞ்சனம்?” என்பாள்.

“கத்திரிக்கா மேடம். உப்பு கூடிப்போச்சு. யாரு சாப்பிடப்போறா, நான்தான.”

அவருடைய மனைவி ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இதை அவர் ஒரே ஒரு தடவை, எருமை தொலைந்ததைச் சொல்லும் நிதானத்தோடு சொன்னார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது, எரியோட்டுக்கு அடுத்த கிராமம், மழை பெய்தால் ஓடு ஒழுகும், காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு சைக்கிளில் வருவார். இவ்வளவும் அறிவுச்செல்விக்குத் தெரியும். முகம் தெரியாது. பெட்டியைப் பொருத்த அவள் எரியோடு போனபோது அவர் அந்த வேலைக்கு வந்திருக்கவில்லை.

அவளுக்கு முப்பத்தேழு வயது. நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் பெங்களூரில். பொங்கலுக்கு ஒரு போன் வரும், அதுவும் அண்ணி ஞாபகப்படுத்தினால். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். பிள்ளை இம்புட்டுப் படிச்சிருக்கே என்று யோசித்தார்கள், யோசித்துக்கொண்டே போய்விட்டார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மேடம். கம்ப்யூட்டர் ஓடுகிற வரைக்கும் மேடத்திடம் பேச யாருக்கும் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கதவைப் பூட்டினால் திங்கட்கிழமை காலையில் வாட்ச்மேன் வீரன் “வாங்க மேடம்” என்று சொல்லும்வரை மனிதக் குரல் எதுவும் அவளை நோக்கி வராது. அது அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் வயதையும் தாண்டியிருந்தாள்.

ஆக, எரியோடு லைன் அறுந்தால் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம். இப்படி ஒரு சந்தோஷம் ஒரு நெட்வொர்க் பொறுப்பாளருக்கு வரக் கூடாதுதான். வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல்லில் உட்கார்ந்தபடியே எல்லா ஊர்ப் பெட்டிகளுக்குள்ளும் நுழைந்து அவளால் வேலை செய்திருக்க முடியும். இரண்டு வருடத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் வைரஸ் பயம் ஊரைக் கலக்கியதால், வெளியிலிருந்து நுழையும் வாசலை எல்லாப் பெட்டிகளிலும் அவள் அடைத்துவிட்டாள். பயம் தணிந்த பிறகு மற்ற ஊர்களில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எரியோட்டில் மட்டும் திறக்கவில்லை. மறந்துவிட்டதாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

முதலாளி கெடு வைத்த பிறகு அவள் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ரகம் ரிப். பக்கத்துப் பெட்டி சொல்வதை அப்படியே நம்பும் சாது. எத்தனை பெட்டி தாண்ட வேண்டும் என்று மட்டும்தான் எண்ணும். வழி அகலமா குறுகலா என்று பார்க்காது. பதினைந்துக்கு மேல் தாண்ட வேண்டியிருந்தால் அப்படி ஓர் ஊரே இல்லை என்று கையை விரித்துவிடும். கரூர்க் கோடவுன்களைச் சங்கிலியாகக் கோத்தால் பதினைந்தை எளிதில் தாண்டிவிடும். இரண்டாவது, சென்னையிலிருந்து வந்த விற்பனையாளர் விக்னேஷ்குமார் சிபாரிசு செய்த ரகம். கெட்டிக்கார ரகம்தான், ஆனால் அறுபது பெட்டியும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். கரூர்க் கம்பெனிகளிலோ வேறு வேறு பெட்டிகள் இருந்தன. மூன்றாவது ஓ.எஸ்.பி.எஃப். இதில் ஒவ்வொரு பெட்டியும் தன் வட்டாரத்தின் முழு வரைபடத்தையும் கையில் வைத்திருக்கும். எங்காவது ஒரு லைன் அறுந்தால் சேதி எல்லாப் பெட்டிக்கும் உடனே போகும். ஒவ்வொன்றும் தானே கணக்குப் போட்டு வேறு வழியைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கம்பெனிப் பெட்டியும் பேசும். திண்டுக்கல்லை நடுவில் வைத்து, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வட்டாரம், நிலக்கோட்டைப் பக்கம் ஒன்று, கரூர்ப் பக்கம் ஒன்று என்று பிரித்துவிட்டால் நூறு இடம் வந்தாலும் தாங்கும்.

இந்தத் தொழில் தெரிந்த யாரும் ஐந்து நிமிடத்தில் மூன்றாவதைத் தொட்டுக் காட்டியிருப்பார்கள். அவளும் ஐந்து நிமிடத்தில்தான் கண்டுபிடித்தாள். மிச்சமிருந்த நாட்களை எல்லாம் அதை ஏன் வேண்டாம் என்று சொல்லலாம் என யோசிப்பதில் கழித்தாள்.

படித்தவர்களுக்குக் காரணம் கிடைப்பதற்கா பஞ்சம்? கையால் எழுதும் முறையே தொடரலாம் என்று ஆறு பக்கம் எழுதினாள். வழிகள் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். பெட்டிகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் குறுகலான லைன்களில் நெரிசல் ஏறும். புதிய முறையில் தவறு நேர்ந்தால் எல்லா இடமும் ஒன்றாகப் படுத்துவிடும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, அதனால் எழுதும்போது கை கூசவில்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட முதலாளியிடம் விஷயத்தை வாயால் சொன்னபோதுதான் கூசியது.

“அறுபது ஊருக்கும் நீயே உக்காந்து எழுதுவியாம்மா?”

“எழுதுவேன் சார்.”

“இம்புட்டுப் பொறுப்பா இப்ப யாரு இருக்கா” என்றார் அவர்.

அறிக்கையை உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தாள். பூஜை முடிந்து கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆயுதபூஜை அன்று மில்களில் ஓடுகிற எதுவும் ஓடாது. முதல் நாளே துடைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சாமி கும்பிட்டு நிறுத்திவிடுவார்கள். மறுநாள்தான் தொடுவார்கள். வேடசந்தூர் மில் எலெக்ட்ரீஷியன் மிகவும் பக்தியுள்ளவர். நூற்பு மெஷினுக்குச் செய்வதை ரௌட்டருக்கும் செய்வார். சந்தனப் பொட்டு வைத்து, ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி, சுவிட்சை அணைத்து, அதற்கும் ஒருநாள் ஓய்வு கொடுப்பார். போன வருடம் பொட்டோடு இருந்த பெட்டியைப் பார்த்து அறிவுச்செல்வி சிரித்திருக்கிறாள். எல்லா மில்லும் மூடியிருக்கிற நாளில் லைன் எதற்கு என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவள் மறந்தது விடுதியை. எரியோடு மில் விடுதியில், ஊருக்குப் போகாத பெண்கள் நாற்பது பேர் பூஜை நாளிலும் இருந்தார்கள். விடுதியில் இருந்தது ஓர் உள் போன் மட்டும். அது இந்த லைனில்தான் ஓடியது.

பூஜை அன்று காலை ஒன்பதரைக்கு வீரன் அவள் வீட்டுக்குப் போன் செய்தார். “மேடம், எரியோடு விடுதியில முத்துப்பேச்சின்னு ஒரு பிள்ள இருக்காம். நத்தம் பக்கத்துப் பிள்ள. அப்பன் ராத்திரி தவறிட்டாராம். சித்தப்பா ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொல்றாரு. நான் உள் போன்ல அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன், சத்தமே வரல.”

அவள் ஓட்டமாக அலுவலகத்துக்குப் போனாள். வேடசந்தூர்ப் பெட்டி செத்துக் கிடந்தது. அங்கே வெளிப் போன் அடித்தது, எடுக்க ஆள் இல்லை. எரியோட்டு டைம் ஆபீஸ் போனும் பூட்டிய அறைக்குள் அடித்து ஓய்ந்தது. சோலைமுத்து லீவில் கிராமத்தில் இருந்தார். வடமதுரை வழி நன்றாக இருந்தது, திரையில் தெரிந்தது. ஆனால் அந்த வழியில் வா என்று எரியோட்டுப் பெட்டியிடம் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். இங்கிருந்தே நுழையும் வாசலைத்தான் அவள் அடைத்து வைத்திருந்தாளே.

உடனே பஸ் ஏறியிருக்க வேண்டும். அவள் ஏறவில்லை. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று ஒன்றரை மணி நேரம் அந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டினாள். பிறகு ஏறிய பஸ், பண்டிகைக் கூட்டத்தை ஏற்றி இறக்கி எரியோடு போய்ச் சேர ஒன்றேகால் ஆனது.

விடுதி வாசலில் பெண்கள் பொரிகடலை தின்றபடி உட்கார்ந்திருந்தார்கள். முத்துப்பேச்சி யார் என்று கேட்டதும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி மடியில் இருந்த பொரியைத் தட்டிவிட்டு எழுந்து சிரித்தாள். ஆபீஸ் மேடம் ஏதோ நல்லது சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். அறிவுச்செல்வி சொன்னாள்.

திண்டுக்கல் வரைக்கும் அந்தப் பெண் பஸ்ஸில் அழவில்லை. “எங்கப்பா முகத்தப் பாத்துருவேன்ல மேடம்? நான் போறவரைக்கும் வச்சிருப்பாகல்ல?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். வைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் அறிவுச்செல்வி சொன்னாள். நத்தம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அது கிளம்பும்வரை நின்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மேல் எரியோடு லைன் போனது. வழக்கம்போல் சோலைமுத்து கூப்பிட்டார், அவள் சொல்லச் சொல்ல அடித்தார், இருவரும் காத்திருந்தார்கள். அன்றைக்கு வெஞ்சனத்தைப் பற்றி இருவருமே கேட்கவில்லை.

“அந்தப் பிள்ளைக்கு முகம் பாக்கக் குடுத்து வைக்கல மேடம்” என்றார். “வார்டன் சொன்னாக. மூணு மணி வரைக்கும் போட்டு வச்சிருந்திருக்காக. மழை கட்டிக்கிட்டு வரவும் பெரியவுக தூக்கச் சொல்லிட்டாக. இது போய் இறங்கையில எல்லாரும் குளிச்சிட்டுத் திரும்பி வந்துக்கிட்டு இருந்திருக்காக.”

அறிவுச்செல்வி ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்.

“மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? நம்ம வடமதுரை வழி அன்னைக்கு நல்லாத்தான இருந்துச்சு. பெட்டி தானாவே அந்தப் பக்கம் திரும்பிக்கிற மாதிரி செய்ய முடியாதா? ஆளு இருந்து சொன்னாத்தான் ஆகுமா?”

ஆமாம், முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அவள் சொல்வதை எல்லாம் நம்புகிறவர் அவர் ஒருவர்தான்.

“முடியும்” என்றாள். “செய்யலாம்.”

“அப்பச் செஞ்சிருங்க மேடம். பாவம் அந்தப் பிள்ள.”

அன்று இழுப்பறையில் இருந்த ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள். மறுநாள் முதலாளியிடம் இரண்டே பக்கம் கொடுத்தாள். ஓ.எஸ்.பி.எஃப், மூன்று வட்டாரம், முக்கியமான ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வழி. போன வாரம் வேறு மாதிரிச் சொன்னாயே என்று அவர் கேட்டார். நான் நினைத்தது தப்பு சார் என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தப்பு என்று ஒத்துக்கொள்கிற ஆளை அவர் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டரை மாதம் வேலை நடந்தது. ஒவ்வொரு மில்லாகப் போய் மாற்றினாள். கடைசியாக, டிசம்பர் முடிகிற வாரத்தில் எரியோடு மிஞ்சியது. நேரில் போகலாம். போனால் அவர் முகத்தைப் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒருநாள் போய்விட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள். போனிலேயே சொல்லி முடிப்பது என்று ஆனது.

நாற்பது நிமிடம் பிடித்தது. எழுத்தெழுத்தாக அவள் சொன்னாள், எழுத்தெழுத்தாக அவர் அடித்தார். பழைய வழிகளை ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னாள். இரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து எழுதியவை அவை. “அழிச்சாச்சு மேடம்” என்று ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் கொடுத்தார். கடைசியில் வெளியிலிருந்து நுழையும் வாசலையும் திறந்துவிடச் சொன்னாள்.

“இனிமே லைன் போனா நான் என்ன மேடம் செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம். அதுவே பாத்துக்கும்.”

“ஒங்களுக்குப் போன் போட வேணாங்களா?”

“வேணாம்.”

“ஒண்ணுமே வேணாமா?” என்றார். பிறகு, “சரிங்க மேடம். அம்புட்டும் நல்லதுக்குத்தான்” என்றார்.

ஜனவரி வந்தது. அறுபது இடங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. எங்கே எது அறுந்தாலும் யாருக்கும் தெரியாமல் தானே சரியாகிக்கொண்டது. முதலாளி எல்லோர் முன்னிலும் அவளைப் பாராட்டி ஒரு சால்வை போர்த்தினார். அறிவுச்செல்வியின் மேசைப் போன் அடிப்பதே இல்லை. நாலு மணிக்குத் தேநீர் வரும், ஆறிப்போகும், குடிப்பாள். பக்கத்து மேசையில் கணக்கர், எதிர் மேசையில் கொள்முதல் பிரிவுக்காரர். தலைமை அலுவலக மேடம் ஒருத்தி, வேலை எதுவும் இல்லாமல் ஒரு டைம்கீப்பரைக் கூப்பிட்டுச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்ததா என்று விசாரித்தால் இவர்கள் காது சும்மா இருக்குமா? இரண்டு தடவை ரிசீவரைத் தூக்கி வைத்தாள். அவர் கூப்பிடட்டும் என்று நினைத்தாள். அவர் கூப்பிடவில்லை. அவருக்கும் ஒரு காரணம் வேண்டுமே என்பது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் கூப்பிடவில்லையே என்று கோபமும் வந்தது. கோபப்பட ஓர் ஆள் இருப்பதே பெரிய விஷயம் என்று நினைத்தபோது அந்தக் கோபமும் நிற்காமல் போனது.

பிப்ரவரி நடுவில் முதலாளி, லைன் கொடுத்தவர்களிடம் சண்டை போடுவதற்காக, போன மாதம் எது எது எத்தனை தடவை அறுந்தது என்று கேட்டார். எல்லாப் பெட்டிகளும் தங்களுக்கு நேர்வதை எழுதி அனுப்பும் பதிவு ஒன்று தலைமை அலுவலகத்தில் சேர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் நன்றாக ஓடியதால் அதுவரை அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. அன்று திறந்தாள்.

எரியோடு, ஜனவரி ஐந்து, சாயங்காலம் 4.10, வேடசந்தூர் லைன் இல்லை. 4.32, லைன் வந்தது. ஜனவரி ஆறு, 4.08. ஏழு, 4.11. வெள்ளி, சனி என்று போய் ஞாயிறு மட்டும் இல்லை. மறுபடி திங்கள். மொத்தம் ஒன்பது நாள். பதினான்காம் தேதிக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மோட்டார்தான் என்று முதலில் நினைத்தாள். பிறகு நன்றாகப் பார்த்தாள். மின்சாரம் இறங்கினால் பெட்டியே அணைந்து எழும். இரண்டு வழியும் போகும். இங்கே பெட்டி அணையவே இல்லை. ரேடியோ வழி அசையவே இல்லை. ஒரே ஒரு கேபிள் மட்டும் போய், இருபது நிமிடம் கழித்து வந்திருக்கிறது. அது கையால் கழற்றினால் மட்டும் நடக்கும். அந்த அறையில் இருக்கும் கை ஒன்றுதான், அதற்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

அப்படியானால் இரண்டு வருடமாக மோட்டார் மேல் போட்டது வீண் பழி. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நாலு மணிக்கு மேல், ஒருவர் எழுந்து போய்க் கேபிளைக் கழற்றிவிட்டு அவளுக்குப் போன் செய்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரைக்கு முன்னால் தனியாகச் சிரித்ததைக் கணக்கர் பார்த்தார். இவ்வளவு சந்தோஷத்தை அவள் சமீபத்தில் அறிந்ததில்லை. அடுத்த நொடியே அந்த ஒன்பது நாட்கள் கண்ணில் வந்தன. ஒவ்வொரு நாளும் கேபிளைக் கழற்றிவிட்டு அவர் காத்திருக்கிறார். பெட்டி ஆறு நொடியில் வடமதுரை வழியைப் பிடித்துக்கொள்கிறது. விடுதிப் போன் பேசுகிறது, கம்ப்யூட்டர் ஓடுகிறது, எதுவும் நிற்கவில்லை. லைன் போச்சு மேடம் என்று சொல்ல வழியில்லை. இருபது நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுகிறார். ஒன்பதாம் நாளோடு விட்டுவிடுகிறார்.

மணி நாலு இருபது. கணக்கர் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று உள் போனை எடுத்து எரியோட்டு எண்ணை அழுத்தினாள்.

“எரியோடு மில், டைம் ஆபீஸ்.”

“சோலைமுத்து, நான்தான் பேசறேன்.”

“மேடம். லைன் எதும் போச்சுங்களா?”

“இல்ல. எல்லாம் நல்லா இருக்கு.”

“இங்கயும் நல்லாத்தான் இருக்கு மேடம்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இதைச் சொன்னால் அவரும் சிரிப்பார், அதன் பிறகு மற்றதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்தப் போன்களுக்காகத்தான் நானும் அறுபது ஊருக்குக் கையால் எழுதுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன், தெரியுமா என்று சொல்லிவிடலாம்.

“போன மாசம் ஒம்போது நாள் சாயங்காலம் கேபிளக் கழட்டுனது நீங்கதான? இங்க பதிவுல எல்லாம் தெரியுது.”

மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“தப்புத்தான் மேடம்” என்றார். அது அவளுக்குப் பழக்கமான குரலாகவே இல்லை. “புத்திகெட்டுப் போய்ச் செஞ்சுட்டேன். மொதலாளி வரைக்கும் கொண்டுபோயிராதீங்க. இந்த வேலைய விட்டா எனக்கு வேற இல்ல.”

“நான் அதுக்குச் சொல்லல...”

“இனிமே அந்தப் பெட்டி பக்கமே போக மாட்டேன் மேடம். ரூம் சாவிய இன்னைக்கே மேனேஜர்கிட்டக் குடுத்துர்றேன்.”

“சோலைமுத்து, நான் சொல்றதக் கேளுங்க.”

“சொல்லுங்க மேடம்.”

நின்றுகொண்டே கேட்கிறார் என்பது தெரிந்தது. கணக்கர் பேனாவை மூடி வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆளிடம் அவள் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. எப்படிச் சொன்னாலும் அவர் அதற்கும் சரிங்க மேடம் என்றுதான் சொல்வார்.

“ஒண்ணுமில்ல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

“ரொம்ப நன்றிங்க மேடம்.”

மேடம் முதலில் வைக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். லைன் சுத்தமாக இருந்தது, அவர் மூச்சு விடுவது கூடக் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள்.